தோல் காய்ச்சிய நாள்

மச்சான்,

கீழ் லயத்து வீடுகள் பக்கமிருந்து தோல் காயும் வாடை வருகிறது. மானாப்புல்லைக் கொளுத்தி, அந்தத் தணலுக்கு மேலே தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மயிர் பொசுங்கும் வாடை பாதி, பழைய கொழுப்பு உருகும் வாடை பாதி. அந்தப் பறையைத் தோளில் மாட்டித் திரிந்தவன் நீ. உனக்கு அது சோற்று வாடை. எனக்கு அப்படியில்லை. மூக்கில் ஏறினால் இன்றைக்கும் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிறது.

இன்று மாசி பன்னிரண்டு. பெரிய கங்காணி செத்த நாள். பெரிய வீட்டில் அவர் தம்பி பிள்ளைகள் வருசாவருசம் போலப் படையல் வைத்துச் சோறு போடுகிறார்கள். அதற்குத்தான் தப்பு காய்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகன். அந்த மகன்தான். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறான். காகிதத்தை எடுத்து வைத்ததும், "அப்பா, தலையில நாள் போடணும்" என்றான். "எடம் விட்டு வை, கடைசியில சொல்றேன்" என்றேன். யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். "அவருதான் செத்துப் போயிட்டாருன்னு போன மாசம் சொன்னீங்களே?" என்றான். "அதனாலதான் தைரியமாச் சொல்றேன்" என்றேன். தைரியம் என்று வாய்தான் சொன்னது. இதில் வரப்போவது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. நான் பயந்துகொண்டேதான் சொல்கிறேன் மச்சான்.

தோட்டத்தில் நமக்கென்று ஏது நாள்? பெரியவர்கள் பிறப்பதையும் சாவதையும் வைத்துத்தான் நம் பிள்ளைகளுக்கு வயசு பார்த்தோம். காப்பிக் காட்டை அழித்துத் தேயிலை போட்ட பழைய தொரை குதிரையிலிருந்து விழுந்து செத்த அன்று பிறந்தவள் உன் அக்கா மகள். தொரைசானிக்கு ஆண்பிள்ளை பிறந்து பங்களாவில் வாணம் விட்டார்களே, அதற்கு மறுநாள் பிறந்தவன் மாட்டுப்பட்டிக்காரன் மகன். கோயில் பூசாரி பாம்பு கடித்துச் செத்த ஆடி வெள்ளியில் என் மூத்தது பிறந்தது. பத்து நாள் இருந்தது. இரண்டாவது, பழைய தொரை செத்து வருசம் திரும்பிய அன்று பிறந்து, புதுத் தொரை வந்து இறங்கிய அன்று போய்விட்டது. லயத்தில் எவன் பிறந்த நாளைக் கேட்டாலும் நான் சொல்வேன். "இவன் தலைதான் நம்ம பஞ்சாங்கம்" என்று நீயே சொல்வாய். அந்தப் பெருமைதான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அன்றைக்கு உச்சிக் கொழுந்து நிறுக்கிற நேரம். ஆனாலும் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பெரிய கங்காணி ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். என் பெண்சாதி விடிந்ததிலிருந்து வலியில் கிடந்தாள். அவள் உன்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதனால் பிறக்கப் போகிற பிள்ளைக்கு நீ மாமன் முறை. நான் வாசலில் குந்தியிருந்தேன். இரண்டைக் கொடுத்தவன் மூன்றாவதுக்குக் காத்திருக்கும்போது சாமி பேர்கூட வாயில் வராது. அப்போது பனிக்குள்ளிருந்து உன் தப்பு கேட்டது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிற அடி துள்ளி ஓடும். இது ஓடவில்லை. நிறுத்தி நிறுத்தி விழுந்தது. சாவு அடி. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் என் மகன் அழுதான்.

நம்முடைய சனத்துக்கு மூச்சு நின்ற நேரம் சாவு நேரமில்லை. தப்பு விழுந்த நேரம்தான் சாவு நேரம். தப்பு விழாமல் வீட்டுப் பொம்பளைகள் வாய்விட்டு அழக்கூடக் கூடாது. பெரியவர் ஒருவருக்குத் தப்பு விழுந்த பிறகு அந்த மண்ணில் பிறக்கும் முதல் பிள்ளை, அவரேதான் திரும்பி வருவது என்றும் ஒரு பேச்சு உண்டு. சிரித்துக்கொண்டு சொல்கிற பேச்சு. பிள்ளையில்லாத பெரிய வீட்டில் அது சிரிப்பாக இருக்காது என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

எட்டாம் நாள் பெரட்டுக் களத்தில் ஒருத்தன், "ஒம்மவன் எப்பப்பா பொறந்தான், பஞ்சாங்கம்?" என்று கேட்டான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "பெரிய கங்காணிக்கு மூணாவது அடி விழுந்துச்சு, எம்மவன் கத்திட்டான்."

"அடேங்கப்பா! அப்ப அவரே ஒன் காம்பராவுல எறங்கிட்டாருன்னு சொல்லு. இனிமே ஒம் பொண்டாட்டிய எவன் பெரட்டுக்குக் கூப்புடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ மட்டும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

மறுநாளே பெரிய வீட்டம்மா லயத்துக்கு வந்தார்கள். புருசன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. வாசல்படி தாண்டக் கூடாத நேரம். பின்னாலேயே செத்தவருடைய தம்பி சின்னக் கங்காணி, கையில் தடியோடு. அந்த அம்மா குனிந்து எங்கள் காம்பராவுக்குள் வந்தார்கள். பிள்ளை சாக்கில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் முகத்தையே பார்த்தார்கள். பிறகு, வீட்டுக்குள் புருசனோடு பேசுகிற குரலில்,

"என்னங்க, இங்கயா வந்து படுத்திருக்கீங்க?" என்றார்கள்.

மச்சான், பெரிய கங்காணி உயிரோடு இருக்கும்போது அவர் தடியில் நான் வாங்காத அடியில்லை. அப்போதெல்லாம் பயந்தது ஒரு பயமேயில்லை. எட்டு நாள் பிள்ளையைப் பார்த்து ஒரு பொம்பளை "என்னங்க" என்று சொன்னதைக் கேட்டு என் ரத்தமெல்லாம் வற்றிப் போயிற்று.

"சாக்குல படுத்தா ஒங்களுக்குத் தூக்கம் வராதே" என்று சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த வெள்ளி அரைஞாணை எடுத்தார்கள். எங்களைப் பார்த்து, "நாப்பது நாளு தாய்ப்பாலு குடிக்கட்டும். அப்பறம் வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுருங்க. ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன்" என்றார்கள்.

பச்சை உடம்புக்காரி, என் பெண்சாதிதான் எழுந்து உட்கார்ந்தாள். "இல்லீங்கம்மா. மோளத்துக்கு முந்தியே பொறந்துட்டான். இவரு வெளிய நின்ன மனுசன், இவருக்கு என்னா தெரியும்?"

சின்னக் கங்காணி மருத்துவச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். "என்னமோ சத்தம் கேட்டுச்சுங்க. நான் கொடிய அறுப்பேனா, மோளம் கேட்டுக்கிட்டு இருப்பேனா?" என்றாள் அவள்.

பெரிய வீட்டம்மா எழுந்தார்கள். "அடிச்சவனுக்குத் தெரியும்ல? கருமாதி முடியட்டும். கோயில்ல வச்சு அவனையே கேப்போம்." அரைஞாணை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அவர்கள் போனதும் இவள், "ஓடிருவோம்" என்றாள். எங்கே ஓட? தோட்டத்துச் சீட்டு இல்லாமல் போனால் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். பண்டாரவளைப் பாதையில் பிடித்தால் பதுளைச் சிறை. பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று பெரிய வீட்டுக்கு எதிரே நின்று சொல்லவும் என்னால் ஆகாது. அன்று சாயங்காலம் உன்னிடம் வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து தப்புக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்ச. மூணாவத வாயில வச்சுட்டியேடா."

"மச்சான், நீ எதையாவது சொல்லு."

"எதச் சொல்றது? பனியில ஆளு தெரியாது. அடி தெரியாதா? தோட்டமே கேட்டுச்சு."

"சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க." நீ தோலை உள்ளங்கையால் தடவிக்கொண்டேயிருந்தாய். "ஒம்மவன் அழறதுக்கு முந்தி எத்தன அடி கேட்டுச்சு?"

"மூணு."

"மூணுதானே?" என்று மறுபடி கேட்டாய். பிறகு, "போ. தங்கச்சிய வயித்துக்குத் தின்னச் சொல்லு" என்றாய். கருமாதி வரைக்கும் எட்டு நாளும் நான் தூங்கவில்லை. கதவை யார் தட்டினாலும் பிள்ளையைத் தூக்கி இவள் மடியில் போட்டுவிட்டுக் குறுக்கே நின்றேன். நின்று என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நின்றேன்.

கருமாதி முடிந்த அன்று கோயில் முற்றத்தில் தோட்டமே கூடியது. புதுப் பூசாரி கல்லில் சூடத்தை ஏற்றினார். உன்னைத் தள்ளி நிற்க வைத்தார்கள், தப்போடு. பெரிய வீட்டம்மா முக்காடு போட்டுப் பாயில் இருந்தார்கள். என் பெண்சாதி பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு பொம்பளைகள் பக்கம். நான் கூட்டத்துக்குப் பின்னால், தூணோடு தூணாக.

சின்னக் கங்காணி கேட்டார். "சூடத்தப் பாத்துச் சொல்லு. நீ அடிச்சதுக்கு முந்திப் பொறந்தானா, பிந்திப் பொறந்தானா?"

"முந்திங்க."

"மூணு அடி கேட்டப்பறம்தான் பொறந்தான்னு பெத்தவனே சொல்றானே?"

"அந்த மூணு அடி சாவு அடி இல்லீங்க. தோலு காச்சி, சத்தம் ஏறிடுச்சான்னு தட்டிப் பாத்தேன். அப்பறம்தான் பெரிய வீட்டுலருந்து சேதி வந்துச்சு. அதுக்கு மேலதான் சாவு அடி."

கூட்டத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை. பெரிய வீட்டம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. முக்காட்டை விலக்கினார்கள்.

"சேதி வர்றதுக்கு முந்தியே எதுக்குத் தோலு காச்சின?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "பனி நாளுங்கம்மா. தோலு தொங்கிப் போயிருந்துச்சு. எப்படியும் இன்னிக்கு முடிஞ்சிரும்னு பேசிக்கிட்டாங்க. அப்பறம் காச்சினா நேரமாகுமேன்னு..."

"நான் அவரு வாயில பாலு ஊத்திக்கிட்டு இருந்தேன். நீ வெளிய தோலு காச்சிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாங்கம்மா."

உயிர் இருக்கிற ஆளுக்குச் சாவுத் தப்பு காய்ச்சுவது என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அது சாவைக் கூப்பிடுகிற காரியம். பெற்ற பிள்ளைக்குக்கூட மன்னிக்க மாட்டார்கள். தப்புக்காரனாகப் பிறந்த எவனும் அதைச் செய்ய மாட்டான். நீயும் செய்யவில்லை. சேதி வந்த பிறகுதான் நீ புல்லைக் கொளுத்தினாய். பெரிய வீட்டு ஆள் என் வாசலைத் தாண்டி உன்னிடம் ஓடியதும், பனிக்குள் அந்த வாடை வந்ததும், பிறகு அடி விழுந்ததும், மூன்றும் எனக்கு வரிசையாகத் தெரியும். என் தலைதானே பஞ்சாங்கம். ஆனால் சேதி வந்த பிறகு சும்மா தட்டிப் பார்த்தாலும் அது சாவு அடிக் கணக்குதான்; என் பிள்ளையைச் சாவு அடிக்கு முன்னால் இழுத்து வைக்க வேறு வழி உனக்குக் கிடைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு, புருசன் திரும்பி வரவில்லை என்பது ஒரு பக்கம். அவர் இருக்கும்போதே பறையைக் காய்ச்சினார்கள் என்பது ஒரு பக்கம். பிள்ளை இருந்த திசையையே பார்க்காமல் எழுந்து போனார்கள். முந்தானை முடிச்சு அப்படியே இருந்தது.

சின்னக் கங்காணி உன் கிட்டே வந்தார். "எந்தக் கையால தட்டின?"

நீ வலது கையை நீட்டினாய். அவர் பிடித்து இழுக்கவில்லை மச்சான், நீயே நீட்டினாய்.

"எத்தன?"

"மூணுங்க."

மூன்று அடி. தடி விரல் எலும்பில் விழுந்த சத்தம் தூணுக்குப் பின்னாலும் கேட்டது. பிறகு உன் தப்பைப் பிடுங்கி, சூடம் எரிந்த கல்லுக்குப் பக்கத்திலேயே குப்பையைக் குவித்துக் கொளுத்தினார்கள். தோல் சுருண்டு, வெடித்து, புகைந்தது. அந்த வாடைதான் இன்றைக்கும் என்னை விடாத வாடை. ஒரே ஒரு தடவை நீ கூட்டத்துக்கு மேலாகப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "பொய், அவன் காய்ச்சவில்லை" என்று சொல்ல எனக்கு வாயிருந்தது. சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று இத்தனை வருசமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒன்றுதான் காரணமா? தடியும் அங்கே இருந்ததே.

பொழுது இறங்குவதற்குள் உன்னைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். துணியில் சுற்றிய கையோடு நீ லுணுகலைப் பாதையில் இறங்கினாய். என் பெண்சாதி கஞ்சிச் சட்டியோடு பின்னால் ஓடினாள். நான் ஓடவில்லை.

அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊருக்கு அவன் முந்திப் பிறந்தவன். எனக்கு மட்டும் தெரியும், பிந்திப் பிறந்தவன் என்று. பெரிய கங்காணிக்குக் கோபம் வந்தால் இடது காலைத் தூக்கித் தரையில் ஓர் உதை விடுவார், நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் தடி விழும். என் மகனுக்கு ஐந்து வயசில், சோறு ஆறிப் போயிற்று என்று இடது காலைத் தூக்கி ஓர் உதை விட்டான். நான் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது. பெற்ற பிள்ளைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். அவன் சிரித்தான்.

அந்த வாரமே லுணுகலைச் சந்தையில் உன்னைத் தேடிப் பிடித்தேன். மொனராகலைக் காட்டுப் பக்கமிருந்து தேன் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தாய். இலை மடிக்கும்போது வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் நின்றது. தோட்டத்து ஆள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னடா, அதுக்குள்ள கெழவனாட்டம் ஆயிட்ட?" என்றாய்.

"மச்சான், அவன் காலை ஒதைக்கிறான். எடது காலு. அவரு மாதிரியே."

"அஞ்சு வயசுப் பய காலை ஒதைக்காம, கையையா ஒதைப்பான்?"

"வெளையாடாத. எனக்கு மட்டுமாவது சொல்லு. அது சாவு அடிதானே?"

"சூடத்துக்கு முன்னால சொன்னேன்ல. தோலு காச்சித் தட்டிப் பாத்தேன்."

"என் காதால கேட்டேன் மச்சான்."

"ஒன் காது பயந்த காது. பயந்த காதுக்குக் கதவத் தட்டினாலும் சாவு மோளந்தான். போ, போ. இத மருமகன் நாக்குல தடவு." ஓர் இலைத் தேனை மடித்துக் கொடுத்தாய். காசு வாங்கவில்லை.

எனக்கு மட்டும்கூட நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் ஒரு நாள் நான் பெரட்டுக் களத்தில் சொல்லியிருப்பேன். என் வாயை அறிந்தவன் நீ. அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவே வரவில்லை. பெரிய வீட்டம்மா கண் மூடிய பிறகும் வரவில்லை. சின்னக் கங்காணி போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை. யாருக்குப் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகன் வாத்தியாரான பிறகு, பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் காதை வைத்து நின்றிருக்கிறேன். பிள்ளைகள் அரிச்சுவடி சொல்லும் சத்தம் எனக்கு வேண்டாம். பிரம்பு விழுகிறதா என்றுதான் கேட்டேன். ஒரு நாள் படார் என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். பலகை சாய்ந்து விழுந்திருந்தது; அவன் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான்.

போன மாதம் பதுளையில், மொனராகலைக்கு வண்டி ஓட்டுகிற முஸ்லிம் நானா ஒருத்தர் சொன்னார். "அந்த வெரல் மடங்காத கெழவரா? அவரு மௌத்தாயிட்டாரே." எந்த நாள் என்று கேட்டேன். "நாளெல்லாம் யாரு பாத்தா? மழைக்கு முந்தியா பிந்தியான்னுகூட ஞாபகமில்ல" என்றார். தப்பு அடித்தார்களா என்றேன். "அந்தக் கையோட அங்க அடிக்கிறவரே அவருதானே?" என்றார். பதுளைத் தெருவில், அத்தனை கூட்டத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துப் பெரிய சாவுக்கெல்லாம் நாள் குறித்தவன் நீ. உன் சாவுக்கு நாளில்லை. எந்தப் பிள்ளைக்கும் அதை வைத்து வயசு சொல்ல முடியாது.

இதைச் சொன்னதும் என் மகனின் பேனா நின்றுவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை மச்சான். இடது காலைத்தான் பார்த்தேன். நீட்டி வைத்திருந்த கால் நீட்டினபடியே இருந்தது.

"எந்த ரெண்டு வெரலுப்பா?" என்றான்.

"வலது கையில ஆள்காட்டி வெரலும் நடு வெரலும்."

பேனாவைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தான். ஒரு தடவை மடக்கினான், நீட்டினான். பிறகு மை தொட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினான். காகிதத்தின் தலையைத் தொட்டுக் காட்டினான். "மேல நாள் போட எடம் விட்டிருக்கேன். என்ன போட? மாசி பன்னெண்டா?"

"மாசி பன்னெண்டு ஊருக்குப் பெரிய கங்காணி செத்த நாளு. அது வேணாம். தப்புக்கார மாமன் தோலு காச்சின நாளுன்னு போடு."

"அவரு காச்சலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"சூடத்துக்கு முன்னால காச்சினேன்னு சொன்னாரு. சொன்னது சொன்னதுதான். போடு. இனிமே எவனாவது ஒன் பொறந்த நாளக் கேட்டா அதையே சொல்லு."

எழுதிவிட்டான். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தின் தலையில் முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது மை ஈரமாக இருக்கிறது.

கீழே தப்பு விழுகிறது மச்சான். என் கை தாழ்ப்பாள் பக்கம் போகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது.

தோல் காய்ந்ததா என்று தட்டிப் பார்க்கிறான்.